சர்வேயர் ஐயா நடந்துகொண்டுதான் இருந்தார்

டாக்டர், நீங்கள் சொன்னது பொய். அந்தப் பொய்யால் எண்பது வயது தாண்டிய ஒரு பெண்ணை அழ வைத்தீர்கள்.

எந்த டாக்டர் என்று அவருக்குத் தெரியும். போன மாதம் கண்டியில் நடந்த ஓய்வூதியர் கூட்டத்தில் ஒலிவாங்கியைப் பிடித்தவர். ஒழுங்கான உடற்பயிற்சி அல்சைமர் நோயைத் தடுக்குமா என்பது பேச்சு. நல்ல விஷயம். முதல் பாதி நன்றாகவே பேசினார். நடங்கள், படி ஏறுங்கள், பிரஷரையும் சீனியையும் கவனியுங்கள் என்றார். நானும் தலையாட்டினேன். பிறகு கைதட்டல் கிடைத்தது. கைதட்டல் கிடைத்தால் சில பேருக்கு வாய் நிற்காது. "தினமும் நடக்கிறவனுக்கு இந்த நோய் வரவே வராது. வந்தவங்க யாருன்னு பாருங்க. எல்லாம் சாய்வுக் கதிரையில கிடந்தவங்க. வீட்டு ஆட்களே கிடத்தி வச்சவங்க" என்றார். சபை சிரித்தது.

எனக்குப் பக்கத்தில் இருந்த, சர்வேயர் ஐயாவின் மனைவி பரமேஸ்வரி அம்மா சிரிக்கவில்லை. என் கையைப் பிடித்தார்.

"அப்ப நான் பூட்டி வச்சதாலதானோ பிள்ளை அவருக்கு வந்தது?"

இந்தக் கேள்வியை அவர் இதற்கு முன்பும் ஒரு தரம் கேட்டிருக்கிறார். அன்றைக்கு அதற்குச் சரியான பதில் கிடைத்தது. அந்தப் பதிலை வைத்துக்கொண்டுதான் இத்தனை வருஷம் நிம்மதியாகத் தூங்கினார். நீங்கள் ஒரே வசனத்தில் அதைப் பிடுங்கிவிட்டீர்கள். அதனால்தான் எழுதுகிறேன். எனக்கு அழகாக எழுத வராது. நடந்ததை நடந்தபடி சொல்வேன்.

கண்டியில் ஓர் அரசாங்க ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்டாக வேலை செய்து ஓய்வுபெற்றவள் நான். கை கால் விழுந்தவர்களை எழுப்பி நடக்க வைப்பது என் தொழில். அப்பா ஹுன்னஸ்கிரியாவுக்கு மேலே ஒரு தோட்டத்து டிஸ்பென்சரியில் மருந்து கொடுத்தவர். கொழும்பில் படித்தேன். அந்த வருஷங்களைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. எலும்புகளின் பெயரை இங்கிலீஷில் பாடமாக்கினேன், விடுதிச் சாப்பாட்டைத் திட்டினேன், பாஸானேன். உண்மையில் தொழிலைப் படித்தது கண்டிக்கு வந்த பிறகு, வீரக்கோன் மிஸ்ஸிடம்.

வீரக்கோன் மிஸ் எங்கள் பிரிவின் தலைவி. சிங்களப் பெண். உயரம். கஞ்சி போட்ட வெள்ளை யூனிபோர்ம், அவர் திரும்பினால் சத்தம் கேட்கும். ஜூனியர்கள் எல்லோரையும் 'நங்கி' என்றுதான் கூப்பிடுவார். தங்கச்சி என்று அர்த்தம். பாசம் என்று நினைக்க வேண்டாம், பெயரை ஞாபகம் வைக்கும் சிரமம் மிச்சம். யாரையும் புகழ மாட்டார். நோயாளி "முடியாது மிஸ்" என்றால் ஆறுதல் சொல்ல மாட்டார், திட்டவும் மாட்டார். கைகட்டி நின்று ஜன்னலைப் பார்ப்பார். கொஞ்ச நேரத்தில் நோயாளியே வெட்கப்பட்டு எழுந்துவிடுவார்.

நடக்க வைப்பதில் அவருக்கு ஒரு முறை இருந்தது. அதை இன்றைக்குப் பிரிவில் இருக்கும் பிள்ளைகள் கேட்கிறார்கள், ஆகவே விவரமாகச் சொல்கிறேன். நோயாளியின் கையைப் பிடிக்கக் கூடாது. பிடித்தால் அவன் உன்மேல் சாய்வான், தன் காலை நம்ப மாட்டான். பலவீனமான பக்கத்தில் அரை அடி பின்னால் நிற்க வேண்டும். இரண்டு விரலை அவன் பெல்ட்டுக்குள், முதுகுப் பக்கமாகக் கொடுக்க வேண்டும். லுங்கி போலச் சாரம் கட்டியவன் என்றால் சாரத்துக்கு மேலே ஒரு துணிப் பட்டி கட்டி அதைப் பிடிக்க வேண்டும். விழப் போனால் மட்டும் இழுக்க வேண்டும். மற்ற நேரம் அந்த விரல்கள் அங்கே இருப்பதே அவனுக்குத் தெரியக் கூடாது.

பிறகு கேள்வி. நடந்துகொண்டிருக்கும்போது சாதாரணமாக ஒரு கேள்வி கேட்பார். தமிழ் நோயாளி என்றால் தனக்குத் தெரிந்த துண்டுத் தமிழில், "ஐயா, காலையில என்ன சாப்பாடு?" என்பார். எப்போதும் இதே கேள்விதான். ரொட்டி என்று சொல்லிக்கொண்டே நடக்கிறவன் தப்பினான். பதில் சொல்ல நின்றுவிடுகிறவனைக் கவனிக்க வேண்டும். "காலும் யோசனையும் ஒன்றாகப் போக வேண்டும் நங்கி. ஒன்றை நிறுத்தித்தான் மற்றதைச் செய்கிறான் என்றால் கோளாறு காலில் இல்லை" என்று சிங்களத்தில் சொன்னார். அதை எந்தப் புத்தகத்தில் படித்தார் என்று எனக்குத் தெரியாது. கேட்கும் தைரியமும் வரவில்லை.

அவரைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். எண்பத்து மூன்று ஜூலையில் நான் வேலையில் இருந்தேன். ஜன்னலில் புகை தெரிந்தது. தமிழ்க் கடைகள் எரிகின்றன என்று வார்டில் கதைத்தார்கள். நான் போட்டிருந்த பொட்டைத் துடைத்துவிட்டு, கட்டில் விரிப்புகள் வைக்கும் அறைக்குள் போய் உட்கார்ந்துகொண்டேன். வீரக்கோன் மிஸ் கதவைத் திறந்தார்.

"இங்கே என்ன செய்கிறாய்?"

"ஒளிந்திருக்கிறேன் மிஸ்."

"யூனிபோர்மை நேராக்கிக்கொண்டு வா."

தன் காரின் முன் சீட்டில் என்னை உட்கார வைத்தார். பின் சீட்டில் படுக்கிறேன் என்றேன். காது கேட்காதவர் போல் வண்டியை எடுத்தார். வழியில் கூட்டமாய் நின்றவர்கள் குனிந்து பார்த்தார்கள். இவர் கண்ணாடியை இறக்கி, "ஆஸ்பத்திரி" என்று ஒரே சொல் சொன்னார். விட்டுவிட்டார்கள். அவர் வீட்டில் பத்திரமாக இருந்தேன். அது கெட்டித்தனமா, அதிர்ஷ்டமா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. அந்த நாட்களில் ஒளிந்திருந்துதான் பலர் தப்பினார்கள். ஆனால் அந்த முன் சீட்டை நான் மறக்கவில்லை. பிறகு நடந்தது விளங்க அது வேண்டும்.

இனி சர்வேயர் ஐயா.

கலவரம் போய் யுத்தம் முற்றிய வருஷங்கள். முழங்கால் நோவுக்கென்று ஒருவரை டாக்டர் எங்களிடம் அனுப்பினார். யாழ்ப்பாணத்துக்காரர், அரசாங்க நில அளவையாளராக இருந்து ஓய்வுபெற்றவர். பெயர் சிவபாதம். எல்லோருக்கும் சர்வேயர் ஐயா. கூட வந்த மனைவிதான் பரமேஸ்வரி அம்மா. பிள்ளைகள் இரண்டு பேரும் வெளிநாட்டில். முதலில் பிலிமத்தலாவையில் சொந்த வீடு இருந்தது. எண்பத்து மூன்றில் அது எரிந்த பிறகு கண்டிக் குளத்துக்கு மேலே சந்து போன்ற ஓர் ஒழுங்கையில் வாடகைக்கு இருந்தார்கள்.

மனிதர் தொழில் முழுவதும் நடந்தவர். மலையும் காடும் அளவுச் சங்கிலி இழுத்து நடந்தவர். ஓய்வுபெற்ற பிறகும் விட்டாரா? பரமேஸ்வரி அம்மா முதல் நாளே முறைப்பட்டார்.

"விடியக் காலமை எழும்பினா குளத்தைச் சுத்தாமல் தேத்தண்ணி குடிக்க மாட்டார் மிஸ். மழை பெய்தாலும் குடையோட போவார். உந்த நடையாலதான் முழங்கால் தேஞ்சது எண்டு நான் சொல்லுறன். கேக்கிறாரே?"

"நடக்காட்டி மனுசன் துருப்பிடிச்சுப் போவான்" என்றார் ஐயா. நல்ல உடம்பு. வயிறு கிடையாது. வேட்டியில்லை, காற்சட்டையும் பெல்ட்டும்.

வீரக்கோன் மிஸ் அவரை நடைபாதையின் அந்தக் கரைக்கு நடக்கச் சொன்னார். பின்னாலே போனார். இரண்டு விரல் பெல்ட்டுக்குள். பாதி தூரத்தில் கேட்டார்: "ஐயா, காலையில என்ன சாப்பாடு?"

ஐயா நின்றார்.

ஒரு காலை முன்னே வைத்தபடி அப்படியே நின்றார். உதடு அசைந்தது. வாங்குப் பலகையில் இருந்த மனைவி, "இடியப்பமெல்லோ" என்று வாய் திறந்தார். மிஸ் கையை உயர்த்தி நிறுத்தினார். ஐயா சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "பிலிமத்தலாவைக் காணியில கல்லு நட்டது நான்தான். அதைப் பிடுங்க ஒருத்தனுக்கும் உரிமையில்லை." பிறகு நடந்தார். திரும்பி வரும்போது அதே கேள்வி. திரும்பவும் நின்றார்.

முழங்காலுக்குச் செய்ய வேண்டியதைச் செய்தோம். கணுக்காலில் மணல் பை கட்டி, கதிரையில் இருந்தபடி காலை நீட்டும் பயிற்சி. ஆனால் மிஸ் அன்றைக்கே டாக்டருக்கு எழுதி அனுப்பினார். வயசுக் கோளாறு என்றார்கள் முதலில். பிறகு கொழும்பில் ஒரு பெரிய டாக்டர் பார்த்து அல்சைமர் என்றார். அந்தச் சொல்லை நான் நோயாளி ஒருவருக்குச் சொல்லக் கேட்டது அதுதான் முதல் தடவை.

இதைக் கவனமாக வாசியுங்கள் டாக்டர். அவர் நின்ற அந்த நாளில் அவர் வீட்டுக் கதவில் பூட்டு கிடையாது. அன்று காலையும் குளத்தைச் சுற்றிவிட்டுத்தான் வந்திருந்தார்.

பூட்டு பிறகுதான் வந்தது. ஒரு நாள் குளத்தடிக்குப் போனவருக்குத் திரும்பும் வழி தெரியவில்லை. யாரோ திரீவீலரில் ஏற்றிக் கொண்டுவந்து விட்டார்கள். அந்த நேரம் நகரமெல்லாம் சோதனைச் சாவடி. கொழும்பில் எங்காவது குண்டு வெடித்தால் கண்டியில் எங்கள் கதவைத் தட்டுவார்கள். அடையாள அட்டை எங்கே, ஊர் எது, இங்கே என்ன வேலை. இந்த மனிதருக்கோ படித்த சிங்களமும் இங்கிலீஷும் கழன்று விழத் தொடங்கிவிட்டன. மிஞ்சியது யாழ்ப்பாணத் தமிழ். அதுவும் குரல் உயர்த்தித்தான். ஒழுங்கையின் அடியில் மணல் மூட்டை அடுக்கிய சாவடி, வழியை மறித்துப் பீப்பாய், துவக்கோடு ஆமிக்காரன். பரமேஸ்வரி அம்மா என்ன செய்வார்? கதவுக்கு ஆமைப் பூட்டு வாங்கினார்.

எங்களிடம் வருவது நின்றது. வீரக்கோன் மிஸ்ஸுக்கு நோயாளி வராமல் விட்டால் பிடிக்காது. ஒரு சனிக்கிழமை என்னையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார். அப்படிப் போகச் சட்டமில்லை. அவர் சட்டம் கேட்கவில்லை.

ஐயா கதிரையில் இருந்தார். பாதம் இரண்டும் வீங்கியிருந்தன. தாடி. எழும்பச் சொன்னோம், தொடை நடுங்கியது, எழும்ப முடியவில்லை. குடையோடு குளத்தைச் சுற்றிய மனிதர். பகலில் தூங்குகிறார், இரவெல்லாம் கத்துகிறார், மனைவியைக்கூட ஆரென்று கேட்கிறார் என்று அம்மா அழுதார்.

"நடக்க விடுங்க அம்மா" என்றேன் நான்.

"எங்கை விடுறது பிள்ளை? கீழ ஆமிக்காரன் நிக்கிறான். இவர் வாயைத் துறந்தா தமிழ். நாங்கள் அந்த நாளில இருந்து வெளியில வாய் துறக்கிறேல்ல. இதில உந்த வருத்தம் வேற. தமிழன் எண்டு ஒரு பயம், விசரன் எண்டுவாங்கள் எண்டு ஒரு வெக்கம். ஆருக்கும் சொல்லிப்போடாதேங்கோ. ஒருத்தருக்கும் தெரியக் கூடாது."

நான் மொழிபெயர்த்தேன். மிஸ் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு கேட்டார். பிறகு என்னிடம் சொன்னார்: "இந்த அம்மா சொல்வதற்கு நேர் எதிராகச் செய்ய வேண்டும். எல்லோருக்கும் தெரிய வேண்டும்."

எனக்குக் கோபம் வந்தது. மறைக்கிற அவசியம் இல்லாத இனத்தவர் இவர், சொல்வது லேசு என்று நினைத்தேன். நினைத்ததை வாய்விட்டும் சொன்னேன். "உங்களிடம் அட்டை கேட்க மாட்டார்கள் மிஸ்."

"அதனால்தான் நான் முதலில் போகிறேன்" என்றார்.

அடுத்த சனிக்கிழமை யூனிபோர்மோடு வந்தார். ஐயாவை வீட்டிலேயே இருக்க வைத்துவிட்டு, மிஸ், அம்மா, நான், மூன்று பேரும் இறங்கினோம். வீட்டிலிருந்து ஒழுங்கை, ஒழுங்கையிலிருந்து சாவடி, சாவடியிலிருந்து குளக்கரை. வழியில் ஒரு கதவு, ஒரு கடை விடவில்லை. முதலாவது ஹனிபா நானாவின் பலசரக்குக் கடை. முஸ்லிம் அண்ணன்களை நாங்கள் நானா என்போம். மிஸ் சிங்களத்தில் தொடங்கினார். ஹனிபா நானா கை காட்டி நிறுத்தி என் பக்கம் திரும்பினார்.

"தமிழ்லயே சொல்லுங்க. எங்கட சர்வே மாஸ்டரத்தானே? அவருக்கு ஞாபகம் போறது எனக்குத் தெரியும் மிஸ். ஒரு சீனிப் பக்கட்ட மூணு தரம் வாங்கினாரு, மூணாந்தரம் நான்தான் திருப்பி வச்சன். கேக்க வெக்கப்பட்டுட்டு இருந்தன்."

பரமேஸ்வரி அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். அவர் ஒளித்து வைத்திருந்த விஷயம் கடைக்காரருக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது.

இளநீர்க் குரும்பை வெட்டி விற்கும் சிங்களப் பெண்ணிடம் சொன்னோம். பேக்கரியில் சொன்னோம். கடைசியில் சாவடி. என் கால் பின்னால் போனது. மிஸ் நேரே போய், அங்கே நின்ற வயதான பொலிஸ்காரரிடம் சொன்னார். நாளை தொடக்கம் ஒவ்வொரு காலையும் ஒரு பெரியவர் இந்த வழியே நடப்பார். தமிழர். சர்வேயர். மூளையில் வருத்தம். சத்தமாகத் தமிழில் பேசுவார். சில நேரம் ஏசுவார். கூட ஆள் இருக்கும். தனியே கண்டால் நிறுத்தி உட்கார வையுங்கள், வீடு மேலே.

பொலிஸ்காரர் தொப்பியைக் கழற்றினார். பிறகு சொன்னார், "என் அம்மாவும் அப்படித்தான். ஊரில் தங்கச்சி கட்டி வைத்திருக்கிறாள்."

"அவிழ்க்கச் சொல்லு" என்றார் மிஸ்.

இப்படித்தான் நடை தொடங்கியது. முதல் வாரம் கதிரையிலிருந்து எழும்பி உட்காருவது மட்டும். பிறகு முற்றம். பிறகு ஒழுங்கை. வேலைக்குப் போகும் வழியில் நான் போவேன், நான் போகாத நாள் அம்மா. இரண்டு விரல் பெல்ட்டுக்குள், அரை அடி பின்னால். அம்மா அதைச் சரியாகப் பழகிக்கொண்டார். வீக்கம் வற்றியது. இரவில் தூங்கினார். மனைவியின் பெயர் சில காலையில் வந்தது. ஞாபகம் திரும்பி வந்தது என்று நான் சொல்லவில்லை. அது வராது. ஆனால் மனிதர் மனிதராக இருந்தார். ஹனிபா நானாவின் கடைப் பலகை சரிவாக இருக்கிறது என்று தினமும் ஏசுவார். "சரி மாஸ்டர், நாளைக்கி நேராக்கிறன்" என்பார் நானா. அதுவும் தினமும்.

இப்போது அந்த நாள்.

முதல் நாள் கொழும்பில் குண்டு. காலையில் கண்டியில் கடைகள் பாதி திறக்கவில்லை. சாவடிகளில் புதுப் படையாட்களைப் போட்டிருந்தார்கள். நான் நேரே வேலைக்குப் போய்விட்டேன், இன்று நடை வேண்டாம் என்று அம்மாவுக்கு முதலே சொல்லி வைத்திருந்தேன். மணல் பைகளை எடுத்து வைத்துக்கொண்டிருக்கும்போது பரமேஸ்வரி அம்மா கதவில் நின்றார். செருப்பில்லை. அந்தப் பெண் வெளியில் தமிழில் வாய் திறந்து நான் கண்டதில்லை. அன்றைக்கு ஆஸ்பத்திரி நடைபாதை முழுக்கக் கேட்கக் கத்தினார்.

"பிள்ளை, அவரைக் காணேல்ல! தண்ணிப் பைப்பை மூடப் போனனான், கதவைச் சாத்த மறந்துபோனன். அட்டையும் மேசையிலதான் கிடக்கு!"

அட்டையில்லாமல் ஒரு தமிழர். பெயர் கேட்டால் சொல்லத் தெரியாது. நில் என்றால் நிற்பாரோ, ஓடுவாரோ. துவக்கு வைத்திருப்பவனுக்கு இவரைத் தெரியாது.

வீரக்கோன் மிஸ் ஓடவில்லை. "நீ வீட்டுப் பக்கமிருந்து கீழே இறங்கு. நான் குளக்கரையிலிருந்து மேலே வருகிறேன். அவர் வழியை விட்டு எங்கும் போக மாட்டார்" என்றார்.

திரீவீலர் பிடித்து மேலே போய் இறங்கி ஓடினேன். ஒழுங்கை வெறிச்சென்று கிடந்தது. ஹனிபா நானாவின் கடை பூட்டியிருந்தது. நாங்கள் சொல்லி வைத்த ஆட்களெல்லாம் இன்றைக்கென்று உள்ளே இருந்தால்?

வளைவில் திரும்பமுன் குரல் கேட்டது. அதே குரல்.

"ஆரடா இதில பீப்பாயை வச்சது? லைன் வளைஞ்சு போச்சு! இது அரசாங்க றோட்டு! எடு, எடுத்து உதில வை!"

பீப்பாய்க்கு முன்னால் ஐயா. இடுப்பில் கை. எதிரே ஒரு புதுப் படையாள், வயது இருபதுக்கு மேல் இருக்காது, துவக்கை இரண்டு கையாலும் பிடித்திருந்தான். அவனுக்குத்தான் பயம் அதிகம் என்று முகம் சொன்னது. இரண்டு பேருக்கும் நடுவில் சாரத்தோடு ஹனிபா நானா. பக்கத்தில் குரும்பைக்காரி, கையில் கத்தியைக் கீழே போடவும் மறந்து நிற்கிறாள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சிங்களத்தில் கத்துகிறார்கள். எனக்குக் கேட்டது ஒன்றுதான். "அபே சர்வே மஹத்தயா! அபே சர்வே மஹத்தயா!" எங்கள் சர்வே ஐயா என்று. எங்கள் என்று சொன்னாள் அந்தப் பெண்.

கீழேயிருந்து மிஸ் வந்தார். படையாளிடம் ஒரு சொல் பேசவில்லை. துவக்கைத் தாண்டி நடந்து போய், ஐயாவுக்கு அரை அடி பின்னால் நின்றார். இரண்டு விரலைப் பெல்ட்டுக்குள் கொடுத்தார். பிறகு தன் துண்டுத் தமிழில், ஆஸ்பத்திரியில் கேட்பது போலவே கேட்டார்.

"ஐயா, காலையில என்ன சாப்பாடு?"

ஐயாவின் சத்தம் நின்றது. வழக்கம்போலவே, பதில் சொல்வதற்காக அப்படியே நின்றார். நோயின் அடையாளம் அன்றைக்கு எங்களைக் காப்பாற்றியது. ஐயா யோசித்தார். பிறகு குனிந்து தன் கையைப் பார்த்தார். அதில் பாதி கடித்த பணிஸ், பேக்கரி பன், ஒன்று இருந்தது.

"பணிஸ்" என்றார்.

"நான் குடுத்தது மிஸ்!" என்றார் ஹனிபா நானா. "பேக்கரிக்குப் பின் கதவால போய் வாங்கிட்டு வந்தன், திங்கட்டுமெண்டு. தின்னுட்டே ஏசுறாரு!"

குரும்பைக்காரி முதலில் சிரித்தாள். பிறகு நானா. பிறகு அந்தப் பையன் படையாள். துவக்கை இறக்கி, முகத்தைத் துடைத்துக்கொண்டு, பீப்பாய் எங்கே இருக்க வேண்டும் என்று கேட்கச் சொன்னான். ஐயா காட்டினார். அவன் காலால் ஒரு முழம் தள்ளி வைத்தான். "இப்ப சரி" என்றார் ஐயா. நான் மதில் ஓரம் உட்கார்ந்து அழுதேன். இவ்வளவு லேசாக நான் வாழ்க்கையில் மூச்சு விட்டதில்லை.

பின்னால் ஓடி வந்த பரமேஸ்வரி அம்மா அவரைக் கட்டிப் பிடித்தார். ஐயா பணிஸின் மிச்சத்தை அவருக்கு நீட்டினார். அன்றைக்கு வீட்டில் தேத்தண்ணி குடிக்கும்போதுதான் அம்மா முதல் தரம் அந்தக் கேள்வியைக் கேட்டார். தான் பூட்டி வைத்ததால்தான் இந்த நோய் வந்ததா என்று.

வீரக்கோன் மிஸ் ஆறுதல் சொல்லத் தெரியாதவர். அதனால்தான் அவர் சொன்னதை நம்பலாம். அவர் சிங்களத்தில் சொன்னதை நான் தமிழில் சொன்னேன்: "முதல் நாள் ஆஸ்பத்திரியில் அவர் நின்றபோது பூட்டு இல்லை. நோய் முதலில் வந்தது, பூட்டு பிறகு வந்தது. பூட்டி வைத்தது பிழை, அதனால் அவர் கால் மெலிந்தது, இரவு பகல் மாறியது. நோய் அதனால் வரவில்லை."

அம்மா கோப்பையைக் கீழே வைத்தார். "சத்தியமோ?" என்றார்.

"எனக்கு ஆறுதல் சொல்ல வராது என்று அவரிடம் சொல்லு" என்றார் மிஸ்.

சர்வேயர் ஐயா அதற்குப் பிறகும் பல வருஷம் அந்த ஒழுங்கையில் நடந்தார். கடைசியில் சளிக் காய்ச்சலில், சொந்தக் கட்டிலில், மனைவி பக்கத்தில் இருக்கப் போய்ச் சேர்ந்தார். சாவடியில் இல்லை. சிறையில் இல்லை. பூட்டிய அறையில் இல்லை. அந்தக் காலத்தில் ஒரு தமிழருக்கு அது பெரிய விஷயம். மரண வீட்டுக்கு ஹனிபா நானா கதிரைகள் ஏற்றி வந்தார். ஒவ்வொரு கதிரையையும் வரிசை பார்த்து நேராக வைத்தார்.

இப்போது விளங்குகிறதா டாக்டர்? நடங்கள் என்று சொல்லியே சம்பளம் வாங்கியவள் நான். நடப்பது நல்லது. இந்த நோய் வரும் வாய்ப்பை அது குறைக்கும் என்று சொல்கிறார்கள், நானும் நம்புகிறேன். வந்தவனுக்கும் நடை உதவும், என் கண்ணால் கண்டேன். ஆனால் குறையும் என்பது வேறு, வராது என்பது வேறு. எங்கள் தோட்டத்தில் கூடை சுமந்து நாள் முழுக்க மலை ஏறி இறங்கிய பெண்களுக்கும் மறதி நோய் வந்தது. அவர்கள் எந்தக் கதிரையில் கிடந்தார்கள்? அவர்கள் வீட்டில் கதிரையே இல்லை. அந்த வருஷங்களில் வெளியில் இறங்கினால் திரும்பி வருவோமா என்று தெரியாமல் வீட்டுக்குள் இருந்தவர்களைச் சோம்பேறிகள் என்பதற்கு உங்களுக்கு என்ன உரிமை? நடக்கச் சொல்ல முன்னே நடக்க ஒரு வீதி வேண்டும்.

கூட்டம் முடிந்து திரீவீலரில் பரமேஸ்வரி அம்மாவை வீட்டுக்குக் கொண்டுபோனேன். வழியெல்லாம் மிஸ் சொன்னதையே திரும்பச் சொன்னேன். நோய் முதலில், பூட்டு பிறகு. ஒழுங்கையில் இறங்கும்போது, "ஓம் பிள்ளை, அண்டைக்கு அந்த மனுசி அப்பிடித்தான் சொன்னவ" என்று முகத்தைத் துடைத்தார். அடுத்த நாள் காலை நான் போனபோது, நடக்கப் போயிருக்கிறார் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். எனக்கு அது போதும். உங்களை விட்டுவிட மட்டும் அது போதாது.

ஆகவே கேட்கிறேன். அடுத்த ஓய்வூதியர் கூட்டத்துக்கு வாருங்கள். அதே மேடையில் ஏறி அதே ஒலிவாங்கியைப் பிடியுங்கள். பரமேஸ்வரி அம்மாவை நான் முன் வரிசையில் கொண்டுவந்து இருத்துவேன். நோய் வந்த நாளில் சர்வேயர் ஐயா எந்தக் கதிரையில் கிடந்தார், யார் அவரைக் கிடத்தி வைத்தது என்று அவர் முகத்தைப் பார்த்து, எல்லோருக்கும் கேட்கப் பதில் சொல்லுங்கள்.